கூடாரத்தில் ஓர் அங்கிள்

கடற்கரைக்கு விடுமுறைக்குப் போய், அங்கிருந்து தினமும் டியூட்டிக்குக் கிளம்பிய மனிதன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதுவும் இல்லாத டியூட்டிக்கு. காலையில் டாட்டா வாங்கிக்கொண்டு போவேன், மாலையில் கூடாரத்துக்குத் திரும்புவேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து நான் போட்ட திட்டம் அப்படித்தான் முடிந்தது.

எனக்கு ஹைதராபாத் பக்கம் லாலாகுடா ரயில்வே பணிமனையில் சார்ஜ்மேன் உத்தியோகம். வேகன் பிரேக்குகளோடு மல்லுக்கட்டுகிற வேலை. அல்ஜீரியாவில் வேகன்களைச் செப்பனிட ஆள் கேட்டு வந்தபோது என்னையும் டெபுடேஷனில் அனுப்பினார்கள். நான் கிளம்பிய அன்று என் மகள் கீதா சுவரைப் பிடித்துக்கொண்டு நடை பழகிக்கொண்டிருந்தாள். ஒரு வருஷம் என்று சொன்ன டெபுடேஷன் அனுமார் வால் மாதிரி நீண்டது. ஊருக்குப் போகிற லீவை விட்டுக்கொடுத்தால் கோடையில் குடும்பத்தை இங்கே அழைத்துக்கொள்ளலாம் என்றார்கள். சரி, வரட்டும், வந்தால் எங்கே கூட்டிப்போவது என்று யோசிக்கத் தொடங்கினேன்.

என்னோடு அங்கே வேலை பார்த்த மூரத் உள்ளூர்க்காரன். அவன் அரபியும் பிரெஞ்சும் பேசுவான். நான் இங்கிலீஷும், ஹைதராபாத் தெருக்களில் கற்ற உருதும் பேசுவேன். சாபூன், குர்சி, துனியா என்று இரண்டு பக்கமும் செல்லுபடியாகிற வார்த்தைகளைப் பொறுக்கி எங்கள் சிநேகம் வளர்ந்தது. அவன்தான் சொன்னான்: "கோடையில் எங்கள் தொழிலாளிகளுக்குக் கடலோரத்தில் கூடாரம் தருவார்கள். பெனி சாஃப் என்று ஒரு மீன்பிடி ஊர். மனைவி குழந்தையோடு போய் இரு. மத்தியதரைக் கடலைப் பார்க்காமல் ஊர் திரும்பினால் எங்களுக்கு அவமானம்."

"கூடாரம் எந்த டைப்?" என்று கேட்டேன். அவன் விழித்தான். லாலாகுடாவில் குவார்ட்டர்ஸ் என்றால் டைப் ஒன்று, டைப் இரண்டு என்று உத்தியோகத்துக்குத் தக்கபடிதான் கிடைக்கும். நல்ல வீட்டுக்கு சீனியாரிட்டி வேண்டும், அதற்காக அண்ணன் தம்பி போலப் பழகினவர்கள்கூட வருஷக்கணக்கில் முகம் பார்க்காமல் இருப்பார்கள். "கடலுக்கு நேரே முன்வரிசைக் கூடாரம் யாருக்கு? சீனியருக்குத்தானே?" என்றேன். "முன்வரிசையை யாரும் கேட்கமாட்டார்களே" என்றான் மூரத். இவ்வளவு ஏமாந்த ஜனங்களா என்று நினைத்துக்கொண்டு, எனக்கு முன்வரிசையே வேண்டும் என்று அன்றைக்கே சொல்லிவைத்தேன்.

அந்தக் குளிர்காலம் பூராவும் எனக்கு வேறு நினைப்பில்லை. கழித்துப்போட்ட தகட்டில் மணல் அள்ள ஒரு குட்டி வாளி செய்தேன். சங்கராந்திக்கு எங்கள் ஊர் மாடிகளில் விடுகிற பட்டம் போல ஒன்று ஒட்டிவைத்தேன். காலை எழுந்தது முதல் படுக்கும்வரை குழந்தை பக்கத்திலிருந்து நகரக்கூடாது. சோறு ஊட்டுவது நான், குளிப்பாட்டுவது நான், கதை சொல்வது நான். விட்டுப்போன வருஷங்களை வட்டியோடு கட்டிவிடலாம் என்று எண்ணம். பேதை மனசு!

விமான நிலையத்தில் என் மனைவி வசந்தா ஒரு தோளில் ஹோல்டாலும் ஒரு கையில் கூஜாவுமாக வந்தாள். படுக்கையைச் சுருட்டிக் கட்டுகிற அந்தக் கான்வாஸ் பையும் தண்ணீர்க் கூஜாவும் இல்லாமல் ரயில்வேக் குடும்பம் எங்கும் நகராது. "ஏரோப்ளேன்ல வர்றவ கூஜாவோட வருவாளா?" என்று முதல் வார்த்தையே சிடுசிடுத்தேன். அவள் குழந்தையை முன்னால் தள்ளி, "யாரு பாரு" என்றாள். கீதா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இரண்டு கையையும் கூப்பி, "நமஸ்தே அங்கிள்" என்றாள்.

வசந்தாவின் முகம் செத்துவிட்டது. "வீட்டுக்கு யார் வந்தாலும் அப்டித்தான் சொல்லச் சொல்லிக் குடுத்திருக்கேன். மனசுல வெச்சிக்காதீங்க" என்றாள். நான் சிரித்து மழுப்பினேன். அன்று மாலை என் அறையில் உட்கார்ந்துகொண்டு குழந்தை அம்மாவின் காதில் கேட்டது எனக்கும் விழுந்தது: "அம்மா, ஏ அங்கிள் அப்னே கர் கப் ஜாதே?" இந்த அங்கிள் அவர் வீட்டுக்கு எப்போது போவார் என்று கேட்கிறாள். என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு! நாங்கள் பேசுகிற தமிழ் அவளுக்கு நன்றாகப் புரிகிறது. பதில்தான் பாதி நேரம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் கற்ற இந்தியிலோ தெலுங்கிலோ வரும். "இங்க சங்கு ஊதாதா?" என்று அடுத்த கேள்வி. "இது வேற ஊருடி" என்றாள் அம்மா.

லாலாகுடாவில் பணிமனைச் சங்குதான் எல்லோருக்கும் கடிகாரம். உலை வைப்பது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டுவது எல்லாம் அதைக் கேட்டுத்தான். சாயங்காலச் சங்கு ஊதினால் வாசல் திறந்து சைக்கிள்கள் வெள்ளமாக வரும். நான் அதை எண்ணிப் பெருமூச்சு விட்டேனே தவிர, அந்தக் கேள்வியில் வேறு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஊர் திரும்பும் விமானத்தில் ஏறுவதற்குள் அவள் என்னை ஒரு தடவை அப்பா என்று கூப்பிட வேண்டும். அடுத்து எப்போது பார்ப்பேனோ, அதற்குள் இந்த முகமும் மறந்துபோகும்.

மூரத்தின் பழைய காரில் கிளம்பினோம். அவன் மனைவி யாமினா முன்னால், நாங்கள் மூவரும் ஹோல்டாலும் பின்னால். குஷாய்குடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் இருக்கும் என் மைத்துனன், கூடாரமென்றால் இருட்டாக இருக்குமே என்று கொடுத்தனுப்பிய டார்ச் லைட் என் விலாவில் குத்திக்கொண்டே வந்தது. வழியெல்லாம் கோதுமை அறுத்த வயல்கள், ஆள் இல்லாத மேடுகள். நம்மூரில் இப்படி ஒரு சாலையில் அரை மணி போனால் ஒரு டீக்கடையாவது கண்ணில் படும். இங்கே ஒரு கழுதையும் அதன்மேல் ஒரு கிழவரும்தான். மேட்டில் ஏறும்போது கார் ஆவி கக்கிக்கொண்டு நின்றது. ரேடியேட்டரில் சொட்டுத் தண்ணீர் இல்லை. சுற்றுவட்டாரத்தில் கிணறும் இல்லை.

வசந்தா கூஜாவை எடுத்து நீட்டினாள். மூரத் அதை வாங்கி முழுவதையும் ஊற்றினான். "இந்தப் பாத்திரத்துக்கு என்ன பெயர்?" என்று யாமினா சைகையில் கேட்டாள். "கூஜா" என்றாள் வசந்தா, என்னைப் பார்த்துக்கொண்டே. அடுத்த மேடு வரைக்கும் நான் ஜன்னல் பக்கம்தான் பார்த்தேன்.

பெனி சாஃப் சிவப்பு மண் குன்றுகளுக்கு நடுவே இறங்குகிற ஊர். அந்த நீலத்தை முதலில் பார்த்தபோது கீதா வாயைப் பிளந்தாள். எங்களுக்குத் தெரிந்த கடல் ஹுசேன் சாகர்தான், அதுவும் ஏரி. "தண்ணிக்கு அந்தப் பக்கம் ஊர் தெரியலியே" என்று வசந்தாவே வியந்தாள். நான் குழந்தையைத் தூக்கிக் காட்டப் போனேன். "நக்கோ" என்று நழுவி அம்மாவின் இடுப்பில் ஏறிக்கொண்டாள். வேண்டாம் என்பதற்கு எங்கள் ஊரில் இதைவிட உறுதியான சொல் கிடையாது.

கூடாரங்கள் வரிசையாக நின்றன. பின்வரிசைகள் மரத்தடியில், நுழைவாசலுக்குப் பக்கத்தில். எனக்கு முன்வரிசை, அலைக்கு நேர் எதிரே. அக்கம்பக்கத்தில் ஒருவரும் இல்லை. "ராஜாவைப் போல இருக்கிறாய்" என்றான் மூரத், சிரிப்பை அடக்கிக்கொண்டு. டைப் நாலு குவார்ட்டர்ஸ் கிடைத்த மாதிரி நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலையில் திட்டத்தை ஆரம்பித்தேன். வாளியைக் கொடுத்தேன். "நக்கோ." பட்டத்தைக் காட்டினேன். "நக்கோ." சோறு பிசைந்து உருண்டை பிடித்தேன். வாயை இறுக மூடிக்கொண்டாள். அவள் எங்கே போனாலும் பின்னாலேயே போனேன். மணலில் உட்கார்ந்தால் நானும் உட்கார்ந்தேன், எழுந்தால் எழுந்தேன். மத்தியானத்துக்குள் குழந்தை என்னைக் கண்டாலே வசந்தாவின் முந்தானைக்குள் போய்விட்டாள்.

"கொஞ்சம் ஆற அமர இருங்களேன். போலீஸ்காரன் மாதிரி கூடவே நின்னா பெரியவங்களுக்கே பயமா இருக்கும்" என்றாள் வசந்தா.

"நாள் இல்லடி எனக்கு!" என்று கத்தினேன். கத்தியதும் குழந்தை அழுதது. அதோடு அன்றைய திட்டம் சரி.

அன்று பிற்பகல் காற்று வந்தது. ஹைதராபாத் கல்யாண ஷாமியானாக்களைக் கட்டிப் பார்த்தவன் நான், முளைக்குச்சிகளை இன்னும் இரண்டு தட்டு தட்டிவிட்டு அலட்சியமாக உட்கார்ந்திருந்தேன். கடல் காற்றுக்கு ஷாமியானாவும் தெரியாது, சார்ஜ்மேனும் தெரியாது. ஒரு உலுக்கு உலுக்கி, கூடாரத்தை எங்கள் தலைமேலேயே போட்டது. அரிசி, பருப்பு, புளி எல்லாவற்றிலும் மணல். எங்களை வெளியே இழுத்துப்போட வந்த பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதை மூரத் மொழிபெயர்த்தான். ஒருத்தி, "பாவம், யாரும் சொல்லவில்லையா?" என்றாளாம். இன்னொருத்தி, "சொன்னார்களாம், இவர்தான் கேட்டு வாங்கினாராம்" என்றாளாம். ஆழம் தெரியாமல் காலை விட்டால் இதுதான். எங்களைப் பின்வரிசையில், வாசலை ஒட்டிய கூடாரத்துக்கு மாற்றினார்கள்.

காற்று இரண்டு நாள் ஓயவில்லை. படகுகள் கடலுக்குள் போகவில்லை, ஊரில் மீனும் இல்லை. யாமினா குஸ்குஸ் கொண்டுவந்து கொடுத்தாள். ரவையை ஈரக்கையால் உருட்டி ஆவியில் வேகவைத்தால் எப்படியோ அப்படி. கறியும் காயும் போட்ட குழம்பை அதன்மேல் ஊற்றித் தின்பார்கள். பதிலுக்கு வசந்தா அவர்கள் ரவையை வாங்கி, ஊரிலிருந்து கொண்டுவந்த காய்ந்த கறிவேப்பிலையும் பச்சைமிளகாயும் போட்டு உப்புமா கிண்டினாள். ஒரு வாய் வைத்த யாமினா, கண்ணில் நீர் வழிய, "இந்தக் குஸ்குஸுக்குக் கோபமூட்டியது யார்?" என்று மூரத் வழியாகக் கேட்டாள். அப்படியும் தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் வைத்தாள். கீதா சிரித்தாள். எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள், என்னைத் தவிர.

மூரத்தை இரண்டே நாளில் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். காவல்காரக் கிழவர் கொடுத்த பேரீச்சம்பழத்தை வாங்கித் தின்றாள். எனக்குப் பொறாமையாக இருந்தது, சொல்ல வெட்கமென்ன? இரும்பைக்கூட அடித்து நிமிர்த்தலாம், இந்தக் குழந்தையை என்ன செய்வது?

"விருந்தும் மருந்தும் மூணு நாள்னு சொல்லுவாங்க. அவளுக்கு நீங்க விருந்தாளி. விருந்தாளி இன்னும் போகலியேன்னு பாக்குறா" என்றாள் வசந்தா. விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்று தைத்தது.

காற்று நின்ற மறுநாள் விடியலிலேயே படகுகள் போய், மத்தி மீனை மலைமலையாகக் கொண்டுவந்தன. அங்கே அதைச் சும்மா தணலில் வாட்டி, எலுமிச்சை பிழிந்து, நீட்டு ரொட்டிக்குள் வைத்துத் தின்கிறார்கள். வசந்தா மணல் போக அலசிய புளியைக் கரைத்துக் குழம்பு வைத்தாள். மரத்தடி முழுக்க மணத்தது. பக்கத்துக் கூடாரங்களிலிருந்து கிண்ணங்கள் வந்தன. சாப்பிட்டுவிட்டு லுங்கியோடு கால் நீட்டிக் கிடந்தேன். கீதா கொஞ்சம் தள்ளி மணலில் குழி தோண்டிக்கொண்டிருந்தாள், நான் செய்த வாளியால்தான். பார்க்காதவன் போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் ஊர்ப் பக்கமிருந்து ஒரு சங்கு ஊதியது. மீனை டப்பாவில் அடைக்கிற ஆலை ஒன்று அங்கே உண்டு. நாங்கள் வருவதற்கு முன்பிருந்தே மீன் வரத்து இல்லாமல் அதுவரை மூடிக்கிடந்தது. நீளமாக, அடித்தொண்டையிலிருந்து வருகிற ஊதல், அசல் லாலாகுடாச் சங்கேதான். எனக்கே உடம்பு எழுந்து உட்கார்ந்துவிட்டது.

கீதா வாளியைப் போட்டாள். அம்மாவிடம் ஓடினாள். "மூஞ்சி கழுவு, பவுடர் போடு, ஜல்தி!" என்று காலைத் தரையில் உதைத்தாள். வசந்தா ஒன்றும் கேட்காமல் முகம் கழுவிவிட்டு, பவுடர் அப்பி, தலையை வாரிவிட்டாள். குழந்தை நேரே வாசலுக்கு ஓடினாள். வெளியே சாலை. பதறிக்கொண்டு பின்னால் ஓடினேன். அவள் சாலைக்குப் போகவில்லை. வாசல் கம்பத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஆலைப் பக்கம் பார்த்தபடி நின்றாள்.

"கீதா, உள்ள வாம்மா" என்றேன்.

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நக்கோ. ஆப் அந்தர் ஜாவ் அங்கிள். அப்பா ஆனே கா டைம்."

நீங்கள் உள்ளே போங்கள் அங்கிள், இது அப்பா வருகிற நேரம்.

வசந்தா பின்னாலேயே வந்து நின்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்: "ஊர்ல தினம் இப்டித்தாங்க. சங்கு ஊதினா காலனிப் புள்ளைங்க எல்லாம் மூஞ்சி கழுவிக்கினு தெரு மூலைக்குப் போயிரும். அவங்கவங்க அப்பா வந்து சைக்கிள் பார்ல தூக்கி வெச்சிக்கினு போவாங்க. இவளும் போவா. எல்லாரும் போனப்புறம் பக்கத்து வூட்டு ஆன்டனி அண்ணன் பின்னாடி உக்கார வெச்சிக் கொண்ணாந்து விடுவாரு. நாளைக்கு வருவாரு, நாளைக்கு வருவாருன்னு நான்தான் சொல்லிக்கினு இருந்தேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் காலனியில் அப்பா என்பவன் யார்? காலையில் போகிறவன், சங்கு ஊதினால் சைக்கிளில் வருகிறவன். பட்டப்பகலில் லுங்கி கட்டிக்கொண்டு வீட்டோடு கிடக்கிற ஆண்பிள்ளை ஒன்று விருந்தாளியாக இருப்பான், இல்லை வேலை நீக்கமானவனாக இருப்பான். பகல் முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஒரு குளிர்காலம் முழுக்கத் திட்டம் போட்டேனே, மடையன்! உட்கார உட்கார நான் அங்கிள் ஆகிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"இங்க நின்னு இன்னா பண்றீங்க?" என்றாள் வசந்தா. "போய்ட்டு வாங்க."

"எங்க?"

"அய்யோ, வேலைக்குங்க! பேண்ட் போட்டுக்கினு, பின்பக்கமா போய், ரோட்டால வாங்க. ஓடுங்க."

கூடாரத்துக்குள் ஓடி காக்கிச் சட்டையும் பேண்டும் மாட்டினேன். காவல்காரரிடம் சைக்கிள் கேட்டேன். "எங்கே போக?" என்றார். "வீட்டுக்கு" என்றேன். பத்தடியில் கூடாரத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக சைக்கிள் கேட்கிற இந்தியனை அவர் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வாசலில் நிற்கிற குழந்தையைப் பார்த்தார். பூட்டைத் திறந்தார்.

வசந்தா குழம்பு வைத்த பாத்திரங்களுக்கு நடுவே தேடி டிபன் கேரியரைக் கொண்டுவந்து ஹேண்டிலில் மாட்டினாள். "காலியா இருந்தா கோச்சிக்குவா" என்று இரண்டு பேரீச்சம்பழத்தைப் போட்டு மூடினாள்.

வேலியின் பின்பக்க இடைவெளி வழியே சைக்கிளை மணலில் தள்ளிக்கொண்டு போனேன். சக்கரம் புதைந்தது, சங்கிலி கழன்றது, கையெல்லாம் கிரீஸ். சாலையை எட்டியபோது ஆலையிலிருந்து ஆட்கள் கலைந்து வந்துகொண்டிருந்தார்கள். நடந்து சிலர், சைக்கிளில் சிலர், எல்லோர் மேலும் மீன் வாடை. நடுவில் கலந்துகொண்டேன். ஒருவன் என்னைப் பார்த்து, புது ஆள் போலிருக்கிறது என்கிற தோரணையில் ஸலாம் சொன்னான். நானும் சொன்னேன்.

தூரத்தில் கம்பமும் சின்ன உருவமும் தெரிந்தன. ஒவ்வொரு சைக்கிளாக அவள் பார்ப்பது தெரிந்தது. முன்னால் போன ஒருவனைப் பார்த்தாள், விட்டாள். இன்னொருவனைப் பார்த்தாள், விட்டாள். இதிலும் அங்கிள்தான் என்றால் அப்புறம் போக இடமில்லை. பெல்லை அடிக்கக்கூட தைரியம் வரவில்லை. டிபன் கேரியர்தான் தானாக லொடலொடத்தது.

அவள் அதைக் கேட்டாள். கேரியரைப் பார்த்தாள், காக்கிச் சட்டையைப் பார்த்தாள், கடைசியில் என் முகத்தைப் பார்த்தாள். கம்பத்தை விட்டாள். கையை விரித்துக்கொண்டு ஓடிவந்தாள். ஒரு காலை ஊன்றி, கிரீஸ் கையோடு அவளைத் தூக்கிப் பாரில் வைத்தேன். உட்கார்ந்ததும் முதல் வேலையாகக் கேரியரை இழுத்துத் திறந்தாள். பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, என் பக்கம் கழுத்தைத் திருப்பி, கோபமாகக் கேட்டாள்:

"கைக்கு லேட்டு, அப்பா?"

ஏன் லேட் என்று கேட்கிறாள். பணிமனையில் தாமதமாக வந்த எத்தனையோ பேரை நிற்க வைத்து இதே கேள்வியை நான் கேட்டிருக்கிறேன். அவர்கள் எல்லோருக்கும் ஏதாவது ஒரு பதில் இருக்கும். நான் ஒன்றைத் தேடுவதற்குள் பெல் அடிக்கச் சொன்னாள். அடித்தேன்.